ஆர்.சி. (ரேடியோ கண்ட்ரோல்) விமானம் செய்வதும் மாற்றுவதும்: ஏரிக்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சித்திரை, வைகாசியில் சென்னைக்கு வெளியே ஏரி காய்ந்து கிடக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே நாலு பேர் ரிமோட்டும் கையுமாக நின்றால் போதும், ஆடு மேய்ப்பவர், கிரிக்கெட் ஆட வந்த பையன்கள், வாக்கிங் போகிற சார் எல்லாரும் சுற்றி நின்றுவிடுவார்கள். பையன்களில் ஒருத்தனாவது அடுத்த வாரம் தெர்மாகோலில் ஒரு குட்டி விமானத்தைச் செய்துகொண்டு வந்து, "அண்ணா, இது ஏன் பறக்கல?" என்று கேட்பான். இத்தனை வருஷத்தில் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

இது ட்ரோனா அண்ணா?

இல்லை. நாலு மோட்டார் ட்ரோனில் கையை எடுத்தாலும் உள்ளே இருக்கும் போர்டு அதை நேராக நிறுத்தி வைத்துக்கொள்ளும். விமானம் அப்படி நிற்காது, ஓடிக்கொண்டே இருந்தால்தான் இறக்கை தாங்கும். அப்புறம் ஒரு சொல் பிரச்சினை: ப்ரொப்பெல்லரைக் காற்றாடி என்று எழுதலாம்தான், ஆனால் சென்னையில் காத்தாடி என்றால் பட்டம், உடனே மாஞ்சாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் இங்கே ப்ராப் என்றே எழுதுகிறேன்.

ஏரோநாட்டிகல் படித்தால்தான் செய்ய முடியுமா?

1910 மார்ச்சில் தீவுத்திடலில் மெட்ராஸ் ஜனங்களுக்கு விமானம் பறக்கவிட்டுக் காட்டிய டி ஏஞ்சலிஸ், மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்தியவர். சிம்சன் கம்பெனியில் கட்டி, பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கூட்டத்துக்கு முன்னால் கொண்டுவந்தார். நம் காலத்தில் நடிகர் அஜித் குமாருக்கும் இந்தப் பைத்தியம் உண்டு என்பது ஊருக்கே தெரியும், 2018இல் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் தக்‌ஷா மாணவர் அணிக்கு ஆலோசகராகவும் இருந்தார். கலாம் படித்த அதே எம்.ஐ.டி.தான். படித்தால் நல்லது, ஆனால் நமக்குத் தேவையான கணக்கு பெருக்கல், வகுத்தலோடு முடிந்துவிடும்.

முதல் விமானத்தை வாங்கலாமா, நானே செய்யலாமா?

செய்யுங்கள். காரணம் பெருமையோ சிக்கனமோ இல்லை. முதல் விமானம் விழும், அதில் சந்தேகமே வேண்டாம். வாங்கிய விமானம் உடைந்தால் எதை எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் பரணில் போட்டுவிடுவீர்கள், நீங்களே வெட்டி ஒட்டியது என்றால் அன்று சாயங்காலமே சரிசெய்துவிடுவீர்கள். ஒரே நிபந்தனை, அதற்கு முன்னால் ரிமோட்டை கம்ப்யூட்டரில் இணைத்து சிமுலேட்டரில் பத்து மணி நேரமாவது ஓட்டிப் பழகியிருக்க வேண்டும். விமானம் உங்களை நோக்கி வரும்போது இடது வலது மாறிவிடும், அங்கேதான் எல்லாரும் விழுவார்கள். அதற்கு ஒரு வழி இருக்கிறது: எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளுங்கள், சாய்கிற பந்தலுக்கு முட்டுக் கொடுப்பது மாதிரி. யோசிக்காமல் கை போகிற வரைக்கும் சிமுலேட்டர்தான்.

என்ன பொருளில் செய்வது? எங்கே வாங்குவது?

டெப்ரான் (மெல்லிய, லேசான ஃபோம்) ஷீட் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு, ஆன்லைன் ஹாபி கடைகளில் கிடைக்கும். இல்லையென்றால் 5 மி.மீ. ஃபோம் போர்டு. பாரிமுனை ஆண்டர்சன் தெருப் பக்கம் அட்டை, பேப்பர் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள், ஆனால் கையில் தூக்கிப் பார்த்து வாங்குங்கள், ஒரே அளவில் ஒன்று லேசாகவும் இன்னொன்று கனமாகவும் இருக்கும். எடை மெஷின் கொண்டுபோய் நிறுத்துப் பார்த்திருக்கிறேன், கடைக்காரர் சிரித்தார், பரவாயில்லை.

விளம்பரப் பலகைக்குப் போடும் சன்பேக் ஷீட்டிலும் செய்யலாம், தேர்தல் முடிந்தால் இலவசமாகவே கிடைக்கும், எத்தனை முறை குத்தினாலும் உடையாது. ஆனால் கனம். அதனால் அதை உடலுக்கும் மூக்குக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, இறக்கையையும் வாலையும் ஃபோமில் செய்யுங்கள். பால்சா மரம் அழகு, ஆனால் முதல் விமானத்துக்கு வேண்டாம், விழுந்தால் கண்ணீர்தான் மிச்சம்.

மீதிச் சாமான் வீட்டிலேயே இருக்கிறது. காலாவதியான டெபிட் கார்டை வெட்டினால் அருமையான கண்ட்ரோல் ஹார்ன் (சர்வோ கம்பி மாட்டுகிற அந்தச் சின்னக் கொம்பு; சர்வோ என்றால் மடல்களை அசைக்கும் குட்டி மோட்டார்). தீர்ந்துபோன ரீஃபில் குழாய், கம்பி உள்ளே ஓடுவதற்கு. மோட்டார் பொருத்த 3 மி.மீ. ப்ளைவுட் துண்டு, இது மட்டும் தச்சுப் பட்டறையில் கேட்டால் தருவார்கள். மோட்டார், ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் போர்டு), சர்வோ எல்லாம் ஆன்லைனில்தான் வாங்குகிறேன். சாலிடரிங் சாமான், ஒயர், எக்ஸ்டி60 கனெக்டர், ஹீட் ஷ்ரிங்க் இவற்றுக்கு ரிச்சி தெரு.

இணையத்தில் கிடைக்கும் வரைபடத்தை பிரிண்ட் எடுக்கும்போது கடைக்காரரிடம் நூறு சதவீத அளவில் எடுக்கச் சொல்லுங்கள். வரைபடத்தின் ஓரத்தில் ஒரு அளவுகோல் போட்டிருப்பார்கள், ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். தாளுக்கு ஏற்றபடி சுருக்கி எடுத்த வரைபடத்தில் ஒருவர் முழு விமானமும் வெட்டி முடித்தபிறகுதான் சர்வோ அதன் ஓட்டைக்குள் போகவில்லை என்று கண்டுபிடித்தார்.

எந்தப் பசை?

ஃபெவிக்விக் தெர்மாகோலையும் டெப்ரானையும் தின்றுவிடும், கரைந்து குழி விழும். ஃபெவிபாண்டும் அப்படித்தான். ஃபெவிகால் கரைக்காது, ஆனால் இரண்டு ஃபோம் துண்டுக்கு நடுவில் காற்றுப் புகாமல் நாள் கணக்கில் ஈரமாகவே கிடக்கும். நான் ஹாட் க்ளூதான் பெரும்பாலும், துப்பாக்கி ரொம்பச் சூடேறாமல் பார்த்துக்கொண்டு. மோட்டார் பிடிக்கும் ப்ளைவுட்டுக்கு மட்டும் அரால்டைட் மாதிரி எபாக்ஸி போடுங்கள், ஏனென்றால் ஹாட் க்ளூ சூட்டுக்கு இளகும். மே மாத மதியத்தில் விமானத்தைக் காருக்குள் பூட்டி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன், திரும்பி வந்தால் எலிவேட்டரின் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) ஹார்ன் தனியாகக் கழன்று சீட்டில் கிடந்தது. வானத்தில் கழன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே சாம்பார் ஏப்பம் விட்டேன்.

எந்த வடிவம் நல்லது, எவ்வளவு பெரிசு?

இறக்கை உடலுக்கு மேலே, நுனிகள் கொஞ்சம் மேல்நோக்கி வளைந்து, வால் நீளமாக. பார்ப்பதற்கு ஃபைட்டர் ஜெட் மாதிரி இருக்காதுதான்.

அளவுக்கு ஒரு கணக்கு. நுனிக்கு நுனி 100 செ.மீ., அகலம் 20 செ.மீ. என்றால் இறக்கைப் பரப்பு 2000 சதுர செ.மீ. விமானம் பேட்டரியோடு 700 கிராம் என்றால், 100 சதுர செ.மீ.க்கு 35 கிராம் விழுகிறது. கற்றுக்கொள்பவருக்கு இது நல்ல அளவு, 40 வரைக்கும் சமாளிக்கலாம். அதே இறக்கையில் ஒரு கிலோ ஏற்றினால் 50 ஆகிவிடும். என்ன வித்தியாசம் என்றால், முதல் விமானம் வேகம் மணிக்கு ஏறக்குறைய 26 கி.மீ.க்குக் குறையும் வரைக்கும் விழாமல் தாங்கும், இரண்டாவது 31க்குக் கீழே போனாலே கவிழும். சைக்கிளை வேகமாக மிதித்து வருகிறவனைப் பிடிப்பதற்கும் ஸ்கூட்டரில் வருகிறவனைப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது, இறக்கும்போது தெரியும். அதனால் ஒவ்வொரு துண்டையும் ஒட்டும் முன் நிறுத்துப் பாருங்கள். பெயின்ட் அடிக்காதீர்கள், கலர் டேப் போதும்.

மோட்டார், பேட்டரி எது?

மேலே சொன்ன 700 கிராம் விமானத்துக்கு: 2212 அளவு, 1000 கேவி மோட்டார், 10க்கு 4.5 ப்ராப் (10 அங்குல நீளம், ஒரு சுற்றுக்கு 4.5 அங்குலம் முன்னேறும் சரிவு), 30 ஆம்பியர் ஈஎஸ்சி, 3எஸ் (மூன்று செல்) 2200 எம்ஏஎச் லைப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி). ஏறக்குறைய 800 கிராம் இழுக்கும், அதாவது விமானத்தின் எடையைவிட அதிகம், பழகுவதற்கு இது தாராளம். சர்வோவுக்கு 9 கிராம் ரகம். ரிமோட்டுக்கு ஃப்ளைஸ்கை ஐ6 மாதிரி 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஆறு சேனல் (ஒவ்வொன்றும் ஒரு பாகத்தைத் தனியாக இயக்கும் வழி) உள்ளது போதும், வருஷக்கணக்கில் உழைக்கும்.

2212 என்றால் உள்ளே இருக்கும் ஸ்டேட்டர் 22 மி.மீ. விட்டம், 12 மி.மீ. உயரம். கேவி என்பது கிலோவோல்ட் இல்லை, எல்லாரும் இங்கே குழம்புவார்கள். ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதுதான் அது. 3எஸ் பேட்டரி 11.1 வோல்ட், ஆக 1000 கேவி மோட்டார் ப்ராப் இல்லாமல் 11,100 சுற்று சுற்றும்.

பறக்கிற நேரம்: 2200 எம்ஏஎச்சில் எண்பது சதவீதம்தான் தொட வேண்டும், சராசரியாக 10 ஆம்பியர் இழுத்தால் பத்து நிமிஷம். ரிமோட்டில் எட்டு நிமிஷத்துக்கு அலாரம் வையுங்கள்.

1400 கேவி போட்டால் வேகமாகப் போகுமா?

போகும், ப்ராப்பைச் சின்னதாக்கினால். அதே 10 அங்குல ப்ராப்பை மாட்டினால் மோட்டார் 1.4 மடங்கு வேகத்தில் சுற்றப் பார்க்கும், ஆனால் ப்ராப் கேட்கும் சக்தி சுற்று வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். 1.4ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள், 2.7 மடங்கு வருகிறது. அவ்வளவு கரண்ட்டை 30 ஆம்பியர் ஈஎஸ்சி தாங்காது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், மொட்டை மாடியில் விமானத்தை முழங்காலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு முழு த்ராட்டில் (மோட்டார் வேகம்) கொடுத்தேன், ஐந்தாவது நொடியில் வத்தல் கருகுகிற மாதிரி ஒரு வாசம், அப்புறம் புகை. கீழ் வீட்டு மாமி துணி எடுக்க வந்தவர் அப்படியே திரும்பிப் போய்விட்டார். 1400 கேவிக்கு 3எஸ்ஸில் 8 அங்குல ப்ராப் போடுங்கள். எவ்வளவு கரண்ட் போகிறது என்று காட்டும் வாட் மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் ஊகிக்கவே வேண்டாம்.

சி.ஜி. சி.ஜி. என்கிறீர்களே, அது அவ்வளவு முக்கியமா?

பையன் கொண்டுவந்து "ஏன் பறக்கல" என்று கேட்கிற பத்து விமானத்தில் எட்டு இதனால்தான்.

சி.ஜி. (ஈர்ப்பு மையம்) என்றால் விமானம் நிறைகோல் போல நிற்கும் புள்ளி. 20 செ.மீ. அகலமுள்ள நேரான இறக்கையில் அது முன்விளிம்பிலிருந்து 5 முதல் 6 செ.மீ.க்குள் இருக்க வேண்டும், அதாவது அகலத்தில் 25 முதல் 30 சதவீதம். இறக்கையின் அடியில் இரண்டு பக்கமும் பேனாவால் புள்ளி வையுங்கள். பேட்டரி, ப்ராப் எல்லாம் மாட்டி, பறக்கப் போகிற மாதிரியே தயாராக வைத்து, அந்தப் புள்ளிகளில் இரண்டு ஆள்காட்டி விரலைக் கொடுத்துத் தூக்குங்கள். ஃபேனை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். வால் மெதுவாக இறங்குகிறதா? பேட்டரியை ஒரு செ.மீ. முன்னால் தள்ளி வெல்க்ரோவை அழுத்திவிட்டு மறுபடி தூக்குங்கள். இப்போது கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு மூக்கு லேசாகக் கீழே சாய வேண்டும், ஒரு விரற்கடை அளவு. அவ்வளவுதான், அங்கேயே விட்டுவிடுங்கள்.

என் இரண்டாவது விமானத்தை இதெல்லாம் பார்க்காமல் கொண்டுபோனேன், பார்க்க நேராகத்தானே இருக்கிறது என்று. நண்பன் கையால் வீசினான். மூக்கு மேலே எழுந்தது, நான் ஸ்டிக்கை முழுக்க முன்னால் தள்ளியும் எழுந்துகொண்டே போனது, தென்னை உயரத்தில் ஒரு கணம் அப்படியே தொங்கியது, அப்புறம் இடது இறக்கை மடிந்து கருவேல முள்ளுக்குள் இறங்கியது. மொத்தம் நாலு நொடி. வால் கனத்தால் கையில் ஒன்றும் இல்லை. மூக்கு கனத்தால் விமானம் மந்தமாகத்தான் பறக்கும், ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கும், பேட்டரியைப் பின்னால் தள்ளிச் சரிசெய்துகொள்ளலாம்.

வால் ஏன் கனக்கிறது? பெரும்பாலும் கம்பி. எல்லாரும் சைக்கிள் ஸ்போக்கை எடுத்து சர்வோவிலிருந்து எலிவேட்டர் வரைக்கும் கொண்டுபோய்விடுகிறார்கள். அது 2 மி.மீ. தடிமன், 60 செ.மீ.க்கு இரண்டை இணைத்தால் 15 கிராம். 1 மி.மீ. ஸ்டீல் கம்பியை ரீஃபில் குழாய்த் துண்டுகளுக்குள் ஓடவிட்டால் 4 கிராம்கூட வராது, வளையவும் செய்யாது. இந்தப் பத்துப் பதினோரு கிராமுக்கு இவ்வளவு பேச்சா என்றால், வால் சி.ஜி.யிலிருந்து 55 செ.மீ. தள்ளி இருக்கிறது, மூக்கு 20 செ.மீ.தான். வாலின் கடைசியில் 10 கிராம் ஏறினால் மூக்கில் 27 கிராம் ஈயம் வைக்க வேண்டிவரும்.

மூன்று சேனல் விமானத்தில் ஐலெரான் சேர்க்கலாமா?

தாராளமாக. மூன்று சேனல் என்றால் த்ராட்டில், எலிவேட்டர், ரடர் (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் மடல்); ஐலெரான் என்றால் விமானத்தைச் சாய்க்கும் இறக்கை மடல். ஆனால் மூன்று சேனலில் இருபது தடவையாவது பத்திரமாக இறக்கியபிறகு. இறக்கையின் வெளிப் பாதியில், அகலத்தில் நாலில் ஒரு பங்கைப் பின்னாலிருந்து வெட்டி டேப் கீல் போட்டால் ஐலெரான் தயார். இறக்கை நுனியின் வளைவைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் ஐலெரான் சாய்க்கப் பார்க்கும், வளைவு நிமிர்த்தப் பார்க்கும், இரண்டும் சண்டை போடும். மேலே எழும் பக்கம் கீழே இறங்கும் பக்கத்தைவிட அதிகமாக அசைகிற மாதிரி ரிமோட்டில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திரும்பும்போது மூக்கு எதிர்ப்பக்கம் போகும்.

வெட்டிய இறக்கை பலம் குறையும். அடியில் கார்பன் குழாய் ஒன்று பதியுங்கள், கிடைக்காவிட்டால் நன்றாகக் காய்ந்த மூங்கில் சிம்பு. இரண்டு சர்வோ ஏறியதால் சி.ஜி.யை மறுபடி பாருங்கள்.

நான் பிடிவாதமாகச் சொல்கிற ஒன்று: ஐலெரான், புது மோட்டார், புது சக்கரம் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றிப் பறக்கவிட்டு, பழகி, அப்புறம் அடுத்தது. மூன்றையும் சேர்த்து மாற்றி விழுந்தால் எது காரணம் என்று உடைந்த துண்டுகள் சொல்லாது.

த்ராட்டில் ஏற்றினால் இடதுபக்கம் இழுக்கிறது, மூக்கும் எழுகிறது. ட்ரிம் பண்ணலாமா?

ட்ரிம் செய்தால் (ரிமோட்டில் ஸ்டிக்கின் நடுநிலையைச் சற்று நகர்த்தி வைத்தால்) த்ராட்டிலைக் குறைத்ததும் எதிர்ப்பக்கம் போகும். மோட்டாரையே வலதுபக்கமும் கீழ்ப்பக்கமும் இரண்டு மூன்று டிகிரி திருப்புங்கள், மவுண்ட்டின் இடது ஸ்க்ரூக்களிலும் மேல் ஸ்க்ரூக்களிலும் அடியில் ஒவ்வொரு வாஷர் கொடுத்தால் முடிந்தது.

பறப்பதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

விமானத்துக்குப் பின்னால் நில்லுங்கள். ஐலெரான் ஸ்டிக்கை எந்தப் பக்கம் தள்ளுகிறீர்களோ அந்தப் பக்க ஐலெரான் மேலே எழ வேண்டும். ஸ்டிக்கை உங்கள் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் எழ வேண்டும். சர்வோவை மாற்றிய மறுநாள் இதைப் பார்க்காமல் விட்டுத்தான் பல பேர் விமானத்தை மண்ணில் நட்டிருக்கிறார்கள், அசைகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள், எந்தப் பக்கம் என்று பார்ப்பதில்லை. அப்புறம் ரிமோட்டை ஒரு கணம் அணையுங்கள், சிக்னல் போனால் மோட்டார் நிற்கிற மாதிரி ஃபெயில்சேஃப் வைத்திருக்கிறீர்களா என்று தெரிந்துவிடும். வீட்டில் வைத்து எதைச் சோதித்தாலும் ப்ராப்பைக் கழற்றிவிட்டுத்தான். 10 அங்குல ப்ராப் விரலைப் பார்த்துச் சுற்றுவதில்லை.

லைப்போ பேட்டரி வெடிக்குமாமே?

தீப்பிடிக்கும், அதனால் மரியாதையாக நடத்துங்கள். 2200 எம்ஏஎச் என்றால் 2.2 ஆம்பியரில், பேலன்ஸ் சார்ஜரில் (எல்லா செல்லையும் சமமாக ஏற்றுவது) மட்டும் சார்ஜ் போடுங்கள். நான் மணல் போட்ட மண்சட்டிக்குள் வைத்து, ஆள் பக்கத்தில் இருக்கும்போதுதான் சார்ஜ் போடுவேன், தூங்கும்போது கிடையாது. பறந்து முடித்தபின் ஒரு செல் 3.5 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் அதிக நேரம் ஓட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். ஒரு வாரத்துக்கு மேல் சும்மா வைப்பதென்றால் செல்லுக்கு 3.8 வோல்ட். தலையணை மாதிரி உப்பியதை எடுத்துப் போட்டுவிடுங்கள், இன்னும் ஒரு தடவை என்று ஆசைப்படாதீர்கள்.

சென்னையில் எங்கே பறக்கவிடுவது?

ஊருக்குள் இடம் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மீனம்பாக்கம் விமான நிலையம், தாம்பரம் விமானப்படைத் தளம் இரண்டும் பக்கம் பக்கமாக இருப்பதால் தென்சென்னையில் பெரும்பகுதி ஆகாது. 2021 ட்ரோன் விதிகள் நம் விமானங்களுக்கும் பொருந்தும். அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பச்சை மண்டலம் என்று காட்டும் இடத்தில் 400 அடி வரைக்கும், விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரைக்கும் உள்ள பகுதியில் 200 அடி வரைக்கும் பறக்கலாம். 2 கிலோ வரை வணிக நோக்கமில்லாமல் ஓட்ட லைசென்ஸ் தேவையில்லை, பதிவு பற்றிய விதிகளைப் படித்துக்கொள்ளுங்கள். முக்கியப் பிரமுகர்கள் வரும் நாட்களில் போலீஸ் தனியாகத் தடை போடும், அன்று வீட்டில் உட்கார்ந்து எதையாவது ஒட்டுங்கள். ஏரியோ வயலோ, அந்த ஊர்க்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கடற்கரை வேண்டாம், கூட்டம் ஒரு பக்கம், உப்பு மணல் மோட்டாருக்குள் போனால் பேரிங் அரைபடும்.

நேரம் காலை ஆறிலிருந்து எட்டு. வெயில் காலத்தில் மதியத்தை ஒட்டிக் கடற்காற்று கிளம்பிவிட்டால் நம் 700 கிராம் விமானம் எதிர்க்காற்றில் நின்ற இடத்திலேயே நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை ஒரு பக்கம், ஈரத்தில் காகிதம் ஒட்டிய ஃபோம் போர்டு முறுக்கிக்கொள்வது ஒரு பக்கம். வெட்டிய ஓரங்களுக்கெல்லாம் டேப் ஒட்டி வைத்தால் அந்த மழைக்காலத்தைத் தாண்டலாம்.

பருந்து துரத்துகிறதே?

இறங்கிவிடுங்கள். அதன் வீட்டில் நாம்தான் விருந்தாளி. ஆனால் தூரத்தில் பருந்துகள் இறக்கை அசைக்காமல் வட்டமிட்டால் அங்கே சூடான காற்று எழும்புகிறது என்று அர்த்தம், எடை குறைந்த விமானமாக இருந்தால் அந்தப் பக்கம் தள்ளி நின்று த்ராட்டிலைக் குறைத்துப் பாருங்கள், தானாக ஏறும்.

மரத்தில் மாட்டிக்கொண்டால்?

முதலில் த்ராட்டிலைக் கீழே இறக்குங்கள், ப்ராப் கிளையில் சிக்கியிருக்கும்போது மோட்டாருக்குக் கரண்ட் போனால் ஈஎஸ்சி காலி. கல்லெறியாதீர்கள், விமானத்தில் விழும் கல்தான் அதிகம். பக்கத்து வீட்டில் மாங்காய் பறிக்கும் துறட்டுக்கோல் இருக்கும், கேட்டு வாங்குங்கள், நுனியில் துணியைச் சுற்றிக்கொண்டு கீழிருந்து மேலே தள்ளுங்கள், இழுக்காதீர்கள். பேட்டரியைக் கழற்றியபிறகு பையன்களிடம் கொடுக்கலாம்.